ஈ ஏற மாட்டேங்குதுன்னா மைட்டோகாண்ட்ரியா கெட்டுப்போச்சுன்னு அர்த்தமா?

கேள்வி, ஜனவரி 6

அக்கா, மாஸ்டர்ஸ் ப்ராஜெக்ட் கடைசி கட்டம். பழ ஈயில ஒரு ஜீனை நரம்பு செல்கள்ல மட்டும் ஆர்என்ஏஐ (ஜீனோட வேலையைக் குறைக்கற முறை) வச்சு குறைச்சேன், அதை நரம்புல மட்டும் ஓட வைக்கறது எலாவ் சி155 டிரைவர். கிளைம்பிங் பார்த்தா கண்ட்ரோலைவிட நல்லாவே குறையுது. அந்த ஜீனோட புரோட்டீன், செல்லுக்கு சக்தி தர்ற மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ள போய் உக்காரும்னு ஏற்கெனவே தெரிஞ்ச விஷயம். அப்போ "இந்த ஜீன் மைட்டோகாண்ட்ரியாவைக் காப்பாத்தி நரம்புச் சிதைவைத் தடுக்குது"ன்னு முடிவுரையில எழுதிடலாம்ல?

ஜனவரி 6, இரவு

இப்போ எழுதாதீங்க தம்பி. உங்க கையில இருக்கறது ஒண்ணே ஒண்ணுதான், இந்த ஈக்கள் ஏற மாட்டேங்குது. அதுல இருந்து மைட்டோகாண்ட்ரியா வரைக்கும் போறதுக்கு நிறைய தூரம் இருக்கு.

பத்து ஈயை ஒரு வைல்ல (சின்னக் குழாய்ல) போட்டு, மேசையில தட்டி கீழ விழ வச்சு, பத்து செகண்டுக்குள்ள எட்டு சென்டிமீட்டர் கோட்டைத் தாண்டினது எத்தனைன்னு எண்றோம். தட்டினா மேல ஓடறது ஈயோட பிறவிக்குணம். அது ஓடலைன்னா நரம்பு காரணமா இருக்கலாம், தசை காரணமா இருக்கலாம், கண்ணு சரியா தெரியாம இருக்கலாம், சாப்பாடு தளர்ந்துபோய் இறக்கை அதுல ஒட்டியிருக்கலாம், இல்ல முந்தின நாள் கார்பன் டை ஆக்சைடு குடுத்து பிரிச்ச மயக்கம் முழுசா தெளியாம இருக்கலாம். எதுவா இருந்தாலும் நோட்டுல விழற நம்பர் ஒரே மாதிரிதான் இருக்கும்.

எந்த வயசு ஈ, ஆணா பெண்ணா, டிரைவர் அம்மா பக்கம் இருந்து வந்துச்சா அப்பா பக்கமா, கண்ட்ரோல் எந்த ஸ்டாக் (லேப்ல வளர்த்து வர்ற ஈ வம்சம்), ஆர்என்ஏஐ ஸ்டாக் எந்த வகை. இதைச் சொல்லுங்க, அப்புறம் பேசுவோம்.

ஜனவரி 7

தம்பி பதில் போட்டிருக்கார். பியூபாவுல இருந்து வெளிய வந்து ரெண்டு மூணு நாள்லயே பார்த்தாராம், ஆணும் பெண்ணும் கலந்து. டிரைவர் ஆண் ஈயில, ஆர்என்ஏஐ வர்ஜின் பெண்ல. ஆர்என்ஏஐ ட்ரிப்ங்கற தொகுப்புல இருந்து வந்த ஸ்டாக். கண்ட்ரோல் டபிள்யூ 1118.

முதல்ல அந்த கிராஸை, அதாவது எந்த ஆணை எந்தப் பெண்ணோட சேர்த்தீங்கங்கறதைப் பார்ப்போம். சி155 டிரைவர் எக்ஸ் குரோமோசோம்ல இருக்கு. அப்பாகிட்ட இருந்து பையனுக்குப் போறது ஒய். அப்போ உங்க வைல்ல இருக்கற ஆண் ஈ ஒண்ணுகிட்டகூட டிரைவர் கிடையாது, அதுங்களுக்கு நாக்டவுனே (ஜீனைக் குறைக்கறது) நடக்கலை. பெண் ஈக்கு மட்டும்தான் நடந்திருக்கு. ரெண்டையும் ஒண்ணாப் போட்டு எண்ணியிருக்கீங்க.

இதுல ஒரு நல்லதும் இருக்கு. வீடியோ எடுத்து வச்சிருந்தா திரும்பப் போட்டு, கீழயே நிக்கறது ஆணா பெண்ணான்னு பாருங்க. பெண் மட்டும் விழுந்து ஆண் சரியா ஏறியிருந்தா உங்க ஜீன் மேல எனக்கு நம்பிக்கை வரும். ரெண்டும் சேர்ந்து விழுந்திருந்தா காரணம் ஜீன் இல்ல, ஸ்டாக்தான். புதுசா ஒரு கிராஸ்கூட போடாம கிடைக்கற தகவல் இது, விடாதீங்க.

ஜனவரி 7, கொஞ்ச நேரம் கழிச்சு

மேல சொன்னதுக்கு ஒரு எல்லை போட்டுடறேன். ட்ரிப் ஸ்டாக்னா அம்மாவோட எக்ஸ்ல யெல்லோ, வெர்மிலியன் ரெண்டு மியூட்டேஷனும் இருக்கும். பொண்ணுங்களுக்கு அப்பாவோட எக்ஸ் வந்து மறைச்சிடும், பசங்களுக்கு மறைக்க ஆள் இல்ல. அதனாலதான் உங்க ஆண் ஈ எல்லாம் உடம்பு மஞ்சளா இருந்திருக்கும், கவனிச்சீங்களா? அதுவே வேற பேக்கிரவுண்டு (மத்த ஜீன்களோட நிலை) ஆகிடுது. அதனால ஆண் ஈ உங்களுக்கு ஒரு துப்பு மட்டும்தான், தீசிஸ்ல கண்ட்ரோல்னு காட்ட முடியாது.

டபிள்யூ 1118ம் இங்க பொருந்தாது. அது ஒயிட் ஜீன் போன ஸ்டாக், ட்ரிப் உருவானது வேற பேக்கிரவுண்டுல. ஒயிட் ஜீனை வெறும் கண்ணு நிறத்துக்கான ஜீன்னு நினைச்சுடாதீங்க. அது போனா மூளையில டோபமின் மாதிரி அமைன்களோட அளவே மாறுது, கண்ணு நிறமி இல்லாததால விழித்திரையும் அடிவாங்குது, நடையும் மாறுது. நீங்க தேடறது நடையில வர்ற மாற்றம், அப்போ இது நேரா குறுக்க வந்து நிக்கும். அதே இடத்துல அதே பேக்கிரவுண்டுல, ஈக்கிட்டயே இல்லாத ஒரு ஜீனை, லூசிஃபெரேஸ் மாதிரி, குறி வைக்கற ஆர்என்ஏஐ ஸ்டாக் இருக்கு. அதை எடுத்து அதே டிரைவரோட கிராஸ் போடுங்க, அதுதான் உங்க கண்ட்ரோல்.

ஜனவரி 8

வயசு விஷயத்துக்கு வருவோம், எனக்கு இதுதான் பெரிசாத் தெரியுது.

வெளிய வந்து ரெண்டாம் நாளே ஏறலைன்னா அது சிதைவா, இல்ல ஆரம்பத்துலயே ஒழுங்கா உருவாகலையா? எலாவ் கரு நிலையிலயே வேலையைத் தொடங்கிடுது. லார்வா, பியூபான்னு மூளை கட்டப்படற காலம் முழுக்க உங்க ஜீன் குறைஞ்சிருக்கு. அப்போ கோணலா கட்டின மூளையோட பிறந்த ஈயும் ஏறாது, நல்லா கட்டின மூளை மெதுவா அழிஞ்சுபோன ஈயும் ஏறாது. நரம்புச் சிதைவுன்னு சொல்லணும்னா முதல் வாரம் நல்லா இருந்து அப்புறம் கண்ட்ரோலைவிட வேகமா இறங்கறதைக் காட்டணும். ஒரே வயசுல எடுத்த ஒரு பார் கிராஃப் இதைச் சொல்லவே சொல்லாது.

இதுக்கு வழி இருக்கு. கேல்80டிஎஸ் சேர்த்துக்கோங்க. 18 டிகிரியில அது கேல்4ஐ, அதாவது உங்க டிரைவர் உண்டாக்கி ஆர்என்ஏஐயை ஓட வைக்கற புரோட்டீனை, அடக்கி வச்சிருக்கும், 29க்கு மாத்தினா விட்டுடும். 18லயே வளர்த்து, பெரிய ஈயா வெளிய வந்த பிறகு 29க்கு மாத்தினா வளர்ச்சிக் காலத்தைத் தொடாம நாக்டவுன் கிடைக்கும். ஆனா பொறுமை வேணும், 25ல பத்து நாள்ல முடியற வளர்ச்சி 18ல ஏறக்குறைய ரெண்டு மடங்கு இழுக்கும். 29ல ஈ சீக்கிரமே கிழடாயிடும்ங்கறதால கண்ட்ரோலும் அதே நாள் அதே இன்குபேட்டருக்கு மாறணும்.

டைம் இல்லைன்னு கைடு சொல்வாங்க, புரியுது. அப்படின்னா "வளர்ச்சிக் கோளாறா சிதைவாங்கறதை இந்தச் சோதனை பிரிச்சுக் காட்டலை"ன்னு தீசிஸ்ல ஒரு வரி தெளிவா எழுதிடுங்க. வைவாவுல அதைப் படிக்கறவங்களுக்கு உங்க மேல மரியாதைதான் வரும்.

ஜனவரி 10

நரம்புச் சிதைவு நோயான பார்க்கின்சனைப் பத்தி இன்னொருத்தர் கேட்டிருக்கார்: "ஈக்கு பார்க்கின்சன் வருமா? கை நடுங்குமா? பூச்சியில பார்த்து மனுஷனுக்கு என்ன கிடைக்கப்போகுது, மாணவர்களோட காலம்தான் வீணாப்போகுது."

இதுக்கு கொஞ்சம் நீளமா சொல்லணும், ஏன்னா இந்தக் கதையை நினைச்சா எனக்கு இன்னிக்கும் சந்தோஷமா இருக்கும்.

மைட்டோகாண்ட்ரியா மேல சந்தேகம் ஈயில இருந்து வரலை, மனுஷங்ககிட்ட இருந்துதான் வந்துச்சு. 1980களோட தொடக்கத்துல கலிஃபோர்னியாவுல கலப்படப் போதை மருந்து போட்டுக்கிட்ட சில இளைஞர்கள் உடம்பு அசையாம, பார்க்கின்சன் நோயாளி மாதிரியே ஆகிட்டாங்க. அதுல இருந்த எம்பிடிபிங்கற பொருள் உடம்புக்குள்ள மாறி மைட்டோகாண்ட்ரியாவுல சக்தி உண்டாக்கற வரிசையோட முதல் புரோட்டீன் கூட்டான 'காம்ப்ளெக்ஸ் 1'ஐ அடைக்குதுன்னு பின்னாடி தெரிஞ்சுது. 1989ல பார்க்கின்சன்ல இறந்தவங்களோட மூளையிலயே அந்தக் காம்ப்ளெக்ஸ் வேலை குறைஞ்சிருக்குன்னு காட்டினாங்க. 1998ல ஜப்பான் குழு சின்ன வயசுலயே நோய் வந்த குடும்பங்கள்ல பார்க்கின் ஜீனைக் கண்டுபிடிச்சது, 2004ல வேற குடும்பங்கள்ல பிங்க்1. சரி, ரெண்டு ஜீன் கிடைச்சாச்சு. ஒண்ணுக்கொண்ணு என்ன உறவு? நோயாளிங்களை மட்டும் வச்சு அதைக் கண்டுபிடிக்க வழி இல்ல. எலியில இந்த ஜீன்களை எடுத்தா பெரிசா ஒண்ணுமே தெரியலை.

ஈயில எடுத்தா கண்ணுக்கே தெரியும். பிங்க்1 போன ஆண் ஈயை மைக்ரோஸ்கோப்ல வச்சுப் பாருங்க. முதுகுல, இறக்கை முளைக்கற இடத்துக்குக் கொஞ்சம் மேல, தோராக்ஸ் உள்வாங்கி ஒரு குழி விழுந்திருக்கும். உள்ள இருக்கற பறக்கும் தசை செத்துப்போய் அந்த இடம் அமுங்கியிருக்கு. இறக்கை ஒண்ணு தூக்கி நிக்கும் இல்ல தொங்கும், ரெண்டும் ஒரே மட்டத்துல இருக்காது. பிரஷ் நுனியால லேசா தள்ளினா நடக்கும், பறக்கவே பறக்காது. அந்தத் தசையை வெட்டி எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்ல பார்த்தா மைட்டோகாண்ட்ரியா ஊதி, உள்ள இருக்கற மடிப்பெல்லாம் உடைஞ்சு கிடக்கும். பார்க்கின் போன ஈயும் அச்சு அசல் இதே மாதிரி, 2003லயே காட்டிட்டாங்க. ஆண் மலடு, அதுவும் ரெண்டுலயும் ஒரே மாதிரி.

2006ல ரெண்டு குழு தனித்தனியா ஒரே நேரத்துல செஞ்ச கிராஸ் இருக்கு பாருங்க, அதைத்தான் நான் எல்லா ஜூனியருக்கும் முதல்ல சொல்லுவேன். பிங்க்1 இல்லாத ஈயில பார்க்கினை அதிகமாக் குடுத்தாங்க, தசை பிழைச்சுக்கிச்சு. பார்க்கின் இல்லாத ஈயில பிங்க்1ஐ அதிகமாக் குடுத்தாங்க, ஒரு மாற்றமும் இல்ல. அவ்வளவுதான். பிங்க்1 மேல, பார்க்கின் கீழ, ரெண்டும் ஒரே பாதைன்னு அந்தக் கிராஸ் சொல்லிடுச்சு. 2008ல மனுஷ செல்கள்ல, மின்னழுத்தம் இழந்த மைட்டோகாண்ட்ரியா மேல போய் பார்க்கின் ஒட்டுதுன்னு பார்த்தாங்க. நல்லா இருக்கற மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ள பிங்க்1 இழுக்கப்பட்டு வெட்டி அழிக்கப்படுது, கெட்டுப்போனதுல அது வெளிச் சவ்வுலயே தங்கிடுது, தங்கின இடத்துக்கு பார்க்கினைக் கூப்பிடுது. ஈ சொன்ன வரிசை அப்படியே பொருந்திச்சு.

கை நடுங்கற ஈ யாருக்கும் தேவை இல்லைங்க. எந்த ஜீன் எதுக்கு முன்னாடிங்கற கேள்விக்கு இவ்வளவு சீக்கிரம், இவ்வளவு தெளிவா பதில் சொல்ற உயிர் வேற அதிகம் கிடையாது, நான் இன்னும் இதைப் பிடிச்சுக்கிட்டு இருக்கறது அதுக்காகத்தான்.

ஜனவரி 11

நேத்து எழுதினதைப் படிச்சா எல்லாம் முடிஞ்ச கதை மாதிரி தோணும். அப்படி இல்ல. உயிரோட இருக்கற ஈயோட நரம்புல, சாதாரண நிலைமையில, கெட்ட மைட்டோகாண்ட்ரியாவைத் தின்னு அழிக்கற வேலைக்கு பிங்க்1ம் பார்க்கினும் உண்மையிலயே தேவையா? 2018ல ஒரு குழு தேவை ரொம்பக் குறைவுன்னு சொல்லுச்சு, அந்த ரெண்டு ஜீனும் இல்லாமயே வேலை நடக்குதாம். அதே வருஷம் இன்னொரு குழு வேற ரிப்போர்ட்டர் (அந்த வேலை நடக்கறதைக் காட்டற ஒளிரும் அடையாளம்) வச்சுப் பார்த்து, வயசாக ஆக அந்த வேலை கூடுது, கூடற பங்குக்கு இந்த ஜீன்கள் வேணும்னு சொல்லுச்சு. ரெண்டுமே கவனமா செஞ்ச வேலை. செல் கல்ச்சர்ல மருந்தை ஊத்தி மைட்டோகாண்ட்ரியாவை ஒரேயடியா சாகடிச்சுப் பார்க்கறதும், ஈ தானா கிழடாகறப்போ பார்க்கறதும் ஒண்ணு இல்லைன்னுதான் நான் இதைப் புரிஞ்சுக்கறேன்.

ஜனவரி 14

ஒரு சகோதரி எழுதியிருக்காங்க. அப்பாவுக்கு பார்க்கின்சன். ஈயில மைட்டோகாண்ட்ரியாவுக்கு உதவற சத்து குடுத்தா சரியாகுதுன்னு படிச்சாங்களாம், கோஎன்சைம் க்யூ10 வாங்கிக் குடுக்கலாமான்னு கேக்கறாங்க.

அம்மா, இதுக்கு மனுஷங்ககிட்டயே பார்த்த பதில் இருக்கு. 600 பேரை வச்சு ஒரு நாளைக்கு 1200, 2400 மில்லிகிராம் அளவுல க்யூ10 குடுத்துப் பார்த்தாங்க, 2014ல முடிவு வந்துச்சு, வெறும் மாத்திரை சாப்பிட்டவங்களைவிட எந்தப் பலனும் இல்ல. கிரியாட்டினும் அப்படித்தான், 1741 பேர், தினம் 10 கிராம், 2015ல வந்த முடிவும் அதேதான். ரெண்டையும் இனி தொடர்ந்து பிரயோஜனம் இல்லைன்னு பாதியிலயே நிறுத்திட்டாங்க. அந்தக் காசை வச்சுக்கோங்க. அப்பாவோட டாக்டர் குடுக்கற மருந்தை நேரம் தவறாம குடுக்கறது, தினம் உடற்பயிற்சி செய்ய வைக்கறது, இது ரெண்டும் நிச்சயமா உதவும்.

ஈயில ஒரு ஜீன் முழுசா போயிருக்கு, நாம பார்க்கறது அதை மட்டும். மனுஷங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு ஒரே ஒரு ஜீன் காரணம் கிடையாது, நடுக்கம் தெரியறதுக்குள்ளயே டோபமின் நரம்புகள்ல கணிசமான பகுதி போயிருக்கும். ஈயில சரியான மருந்து மனுஷனுக்கு சரியாகாம போறதுக்கு இந்த வித்தியாசமே போதும். உங்களுக்கு இதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கு, ஆனா நம்பிக்கையை மாத்திரை டப்பாவுல போட்டு விக்கறவங்களைவிட இதை நான் சொல்லிடறது மேல்.

ஜனவரி 15

தம்பி திரும்பக் கேக்கறார், மைட்டோகாண்ட்ரியான்னு சொல்ல என்னதான் அளக்கணும்னு.

அதோட மின்னழுத்தம், அது குடிக்கற ஆக்சிஜன், அது எவ்வளவு இருக்குங்கற அளவு. மூளையைப் பிரிச்செடுத்து உயிரோட இருக்கறப்பவே டிஎம்ஆர்எம் சாயம் போட்டா மின்னழுத்தம் தெரியும். பிரிச்சு நேரம் ஆக ஆக சிக்னல் இறங்கும், அதனால கண்ட்ரோல் மூளையையும் மியூட்டன்ட் மூளையையும் மாத்தி மாத்தி எடுங்க, ஒரு குரூப்பை முடிச்சிட்டு அடுத்ததுக்குப் போகாதீங்க. ஆக்சிஜனுக்கு ரெஸ்பிரோமீட்டர் இருக்கற லேபைத் தேடிப் பிடிங்க. அளவுக்கு மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ எத்தனை காப்பின்னு க்யூபிசிஆர் (டிஎன்ஏ, ஆர்என்ஏ அளவைப் பார்க்கற முறை), இல்ல மைட்டோகாண்ட்ரியாவுல இருக்கற சிட்ரேட் சிந்தேஸ் என்சைமோட அளவு. இந்த அளவு இல்லாம ஏடிபி (செல்லோட சக்தி மூலக்கூறு) குறைஞ்சிருக்குன்னு காட்டினா, மைட்டோகாண்ட்ரியா ஒவ்வொண்ணும் கெட்டிருக்கா, இல்ல எண்ணிக்கையே கம்மியான்னு யாரும் கேட்டா பதில் இருக்காது.

உங்க நாக்டவுன் நரம்புல மட்டும்தான். முழுத் தலையை அரைச்சு ஏடிபி பார்த்தா அதுல கொழுப்பு, தசை, கண்ணுன்னு எல்லாம் கலந்து உங்க மாற்றம் கரைஞ்சுபோயிடும். படம் எடுக்கறதுதான் உங்களுக்கு நல்ல வழி.

ஜனவரி 19

நல்ல சேதி. வீடியோவைத் திரும்பப் பார்த்திருக்கார், பெண் ஈதான் கீழ நிக்குது, ஆண் ஓரளவு ஏறுது. அப்போ இதுல ஏதோ இருக்கு. டிரைவரை அம்மா பக்கம் மாத்தி திரும்ப கிராஸ் போட்டுட்டாராம்.

அம்மா பக்கம் மாத்தறப்போ ஒண்ணு மனசுல இருக்கட்டும். மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ அம்மாகிட்ட இருந்து மட்டும்தான் வரும். அதுல 37 ஜீன், ஈயிலயும் மனுஷன்லயும் அதே 37. கிராஸைத் திருப்பினா உங்க ஈக்களோட மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவும் சேர்ந்தே மாறிடுது. மத்த ப்ராஜெக்ட்ல இதைக் கண்டுக்காம விட்டாலும் பெரிசா ஒண்ணும் ஆகாது, உங்க கேள்வியே மைட்டோகாண்ட்ரியா பத்தினதுங்கறதால இங்க விட முடியாது. கண்ட்ரோலுக்கும் சோதனைக்கும் அம்மா ஒரே ஸ்டாக்கா இருந்தா போதும், இப்போ ரெண்டுக்கும் அம்மா டிரைவர் ஸ்டாக்தானே, சரியாத்தான் இருக்கு. பையன்களுக்கும் இப்போ டிரைவர் கிடைக்கும், ஆணையும் பெண்ணையும் தனித்தனி வைல்ல வச்சு தனித்தனியா எண்ணுங்க.

ரெண்டாவது ஆர்என்ஏஐ ஸ்டாக், அதே ஜீனோட வேற பகுதியை குறி வைக்கறது, அதையும் ஆர்டர் பண்ணச் சொல்லுங்க. ஒரே ஸ்டாக்னா அது வேற ஏதாவது ஜீனையும் சேர்த்து அடிச்சிருக்கலாம். க்யூபிசிஆர் பண்ணி ஜீன் நிஜமாவே குறைஞ்சிருக்கான்னும் பார்த்துடுங்க.

ஜனவரி 20

பேக்கிரவுண்டு பத்தி நான் ஏன் இவ்வளவு பிடிவாதமா சொல்றேன்னு ஒருத்தர் கேட்டார். பார்க்கின் ஈ வச்சு வேலை பார்த்த காலத்துல என்கிட்ட ஒரே அல்லீல் (ஜீனோட ஒரே மாற்ற வடிவம்) ரெண்டு வைல் வரிசையா இருந்துச்சு, ஒண்ணு பல வருஷமா லேப்ல ஃப்ளிப் பண்ணிக்கிட்டே (புது சாப்பாட்டு வைலுக்கு மாத்திக்கிட்டே) வந்தது, இன்னொண்ணு புதுசா பேக்கிராஸ் பண்ணினது (நல்ல ஸ்டாக்கோட திரும்பத் திரும்ப கிராஸ் போட்டது). பழசு பார்க்க நல்லாவே இருந்துச்சு, புதுசு ரொம்ப மோசம். அல்லீல் ஒண்ணுதான். நோயுள்ள ஸ்டாக்கை தலைமுறை தலைமுறையா வச்சிருந்தா எது கொஞ்சம் தேவலையோ அதுதான் அதிகமா முட்டை போடும், அதை ஈடுகட்டற மாற்றங்கள் தன்னால சேர்ந்துடும். அதுல இருந்து பேக்கிராஸ் பண்ணாத மியூட்டன்டோட கிராஃபை யார் காட்டினாலும், முதல்ல ஸ்டாக் எப்போ வந்ததுன்னுதான் கேப்பேன்.

ஜனவரி 21

உல்பாக்கியாங்கற பாக்டீரியா ஈக்குள்ள இருக்கான்னு பார்த்துட்டு, இருந்தா டெட்ராசைக்ளின் குடுத்து சுத்தம் பண்ணிடலாமான்னு தம்பி கேக்கறார். பார்க்கறது நல்லது, நிறைய லேப் ஸ்டாக்ல அந்தப் பாக்டீரியா ஒளிஞ்சிருக்கும். ஆனா டெட்ராசைக்ளின் பாக்டீரியாவோட ரைபோசோமைத் தடுக்கற மருந்து, மைட்டோகாண்ட்ரியாவுல இருக்கற ரைபோசோமும் அதே வம்சம்தான். மருந்தை நிறுத்தி ரெண்டு தலைமுறை ஆன பிறகும் ஈயோட மைட்டோகாண்ட்ரியாவுல மாற்றம் தெரிஞ்சதா 2007ல காட்டியிருக்காங்க. உங்க ப்ராஜெக்டுக்கு முன்னாடி இதைச் செய்யவே செய்யாதீங்க. கண்ட்ரோல், சோதனை ரெண்டுலயும் இருக்கா இல்லையான்னு பிசிஆர் போட்டுப் பார்த்து, ரெண்டும் ஒரே நிலையில இருந்தா அப்படியே விட்டுடுங்க.

ஜனவரி 28

புது கிராஸோட முதல் வார நம்பர் அனுப்பியிருக்கார். ஆணும் பெண்ணும் தனித்தனியா, லூசிஃபெரேஸ் கண்ட்ரோலோட. முதல் வாரம் சின்ன வித்தியாசம், மூணாம் வாரம் வரைக்கும் பார்க்கப்போறாராம். கேல்80டிஎஸ் ஸ்டாக்கும் வந்துடுச்சு, ஆனா தீசிஸுக்குள்ள முடியாது, அடுத்து வர்ற ஜூனியர் எடுத்துக்கட்டும்.

எண்றவங்களுக்கு எந்த வைல் எதுன்னு தெரியக் கூடாது. லேபிளை வேற ஒருத்தர் மாத்தி நம்பர் போட்டு, முடிஞ்ச பிறகு பிரிச்சுப் பாருங்க. கோட்டுக்குப் பக்கத்துல தயங்கி நிக்கற ஈ ஒண்ணு எப்பவும் இருக்கும், அதை எந்தப் பக்கம் சேர்க்கறதுன்னு ஆசைதான் முடிவு பண்ணிடும். ஒவ்வொரு தடவையும் அதே நேரத்துல பண்ணுங்க, காலைக்கும் மத்தியானத்துக்கும் ஈயோட சுறுசுறுப்பே வேற.

கடைசியா கேட்ட கணக்கு: பத்து ஈ இருக்கற வைல் ஒண்ணுன்னா உங்க எண்ணிக்கை ஒண்ணுதான், பத்து இல்ல. ஒரே வைல்ல ஒரே சாப்பாட்டைத் தின்னு ஒரே தட்டுல விழற ஈக்கள் தனித்தனி ஆதாரம் ஆகாது. பத்து வைல் வச்சிருந்தீங்கன்னா எண்ணிக்கை பத்துன்னு போடுங்க, அந்த வைல்களும் வேற வேற கிராஸ்ல இருந்து வந்ததா இருக்கட்டும். பி மதிப்பு கொஞ்சம் பெரிசாகும், பரவாயில்ல, அப்படியே போடுங்க. முடிவுரைக்கு இப்போதைக்கு என் வரி இது: "நரம்பு செல்களில் இந்த ஜீன் குறைந்தால் ஈயின் ஏறும் திறன் குறைகிறது, இது மைட்டோகாண்ட்ரியா வழியாக நடக்கிறதா என்பதை டிஎம்ஆர்எம் அளவீடு சோதிக்கும்." டிஎம்ஆர்எம் வந்த பிறகு ரெண்டாவது பாதியை மாத்திக்கோங்க.